டாக்டர் அம்பேத்கர் படிக்கப் பணம் தேடிய கதை

சந்திப்பு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுப்பா என்று சங்கச் செயலாளர் அண்ணன் போனில் கேட்டபோது, ஹாஸ்டல் கலாட்டா, கேன்டீன் டீ என்று நானும் நாலு பக்கம் ஓட்டிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் முதலில் ஞாபகத்துக்கு வந்தது மெஸ் பாக்கி! மூன்றாவது செமஸ்டரில் பாக்கிதாரர் பட்டியலில் என் பெயரும் நோட்டீஸ் போர்டில் தொங்கியது. ஸ்காலர்ஷிப் பணம் இன்னும் வந்து சேரவில்லை. ஊரில் அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போனது. அந்த வாரம் யார் கண்ணிலும் படாமல் இருக்க நம்ம லைப்ரரியின் கடைசி மேஜையில் போய் உட்கார்ந்துகொள்வேன். அங்கே கையில் கிடைத்தது அம்பேத்கரின் வாழ்க்கை வரலாறு. சட்டமேதை, அரசியல் சாசனம் எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். எனக்கு அப்போது தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: இவருக்கு யார் ஃபீஸ் கட்டினார்கள்?

அம்பேத்கர் 1891 ஏப்ரல் 14 அன்று மாவ் நகரில் பிறந்தார். அப்பா ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறகு குடும்பம் பம்பாயில் ஒரு சால் வீட்டில் வசித்தது. மகன் புத்தகம் கேட்டால் ராம்ஜி, கல்யாணமாகிப் போன மகள்கள் வீட்டுக்குப் போய் நிற்பாராம். கையில் காசிருந்தால் மகள் கொடுப்பாள், இல்லாவிட்டால் ஒரு நகையைக் கழற்றிக் கொடுப்பாள். அதை அடகு வைத்துப் புத்தகம் வாங்கிவிட்டு, பென்ஷன் வந்ததும் மீட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். இந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே வந்து நின்றேன்.

மெட்ரிகுலேஷன் தேறியதும் பாராட்டுக் கூட்டம் நடந்தது. அதில் கலந்துகொண்டவர் கேலுஸ்கர் என்ற ஆசிரியர். தான் எழுதிய புத்தர் வரலாற்றை மாணவனுக்குப் பரிசளித்தார். அதோடு நிற்காமல், மேலே படிக்க வைக்க அப்பாவுக்குச் சக்தி இல்லை என்று தெரிந்ததும், பரோடா மகாராஜா சாயாஜிராவ் கெய்க்வாடிடம் பையனை நேரே அழைத்துப் போனார். மாதம் 25 ரூபாய் கிடைத்தது. அதில்தான் எல்பின்ஸ்டன் கல்லூரிப் படிப்பு நடந்து, 1912ல் பி.ஏ. முடிந்தது. கேலுஸ்கர் கொடுத்த புத்தகத்தைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். வாத்தியார் ஒருவர் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு மாணவனோடு நடந்தாரே, அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

1913 ஜனவரியில் பரோடா அரசு வேலையில் சேர்ந்தார். பிப்ரவரியில் அப்பா இறந்துபோனார். ஜூன் மாதம் மகாராஜாவின் இரண்டாவது உதவி வந்தது. அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்க மாதம் பதினொன்றரை பவுண்டு, மூன்று வருடத்துக்கு. சும்மா இல்லை, பாண்ட் எழுதிக் கொடுக்க வேண்டும். படித்து வந்ததும் பத்து வருடம் பரோடா அரசில் வேலை செய்வதாகக் கையெழுத்துப் போட்டார். கேம்பஸ் இன்டர்வியூவில் இரண்டு வருட பாண்டுக்கே அலறிய நம்ம ஆட்கள் கவனிக்கவும்!

நியூயார்க்கில் அந்தப் பணத்திலேயே வீட்டுக்கும் அனுப்பிக்கொண்டு, சாப்பாட்டில் மிச்சம் பிடித்துப் பழைய புத்தகமாக வாங்கிக் குவித்தார். 1915ல் எம்.ஏ. ஆயிற்று. டாக்டர் பட்டத்துக்கான ஆய்வை 1916ல் முடித்தார். ஆனால் ஆய்வை அச்சடித்துக் கொடுத்தால்தான் பட்டம் என்பது விதி. அச்சுச் செலவுக்கெல்லாம் வழி பிறந்து பட்டம் கைக்கு வந்தபோது 1927 ஆகிவிட்டது. நடுவே லண்டன் போய், பொருளாதாரப் பள்ளியிலும் சட்டப் படிப்புக்கு கிரேஸ் இன்னிலும் பெயர் பதிந்தார். அங்கே பாதியில் உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. 1917ல் படிப்பை நிறுத்திவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. திரும்பி வந்து முடிக்க நாலு வருடம் அவகாசம் மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார். முதல் உலகப் போர்க் காலம் அது. அவருடைய பெட்டிகளை ஏற்றி வந்த கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. அதற்குக் கிடைத்த நஷ்டஈட்டுப் பணம்தான் பரோடா போகும் வழிச்செலவுக்கு உதவியது.

பாண்டுப்படி வேலையில் சேர்ந்தார். அடுத்து நடந்தது நாட்டுக்கே தெரிந்த கதை. ஆபீசில் பியூன்கள் ஃபைலைக் கையில் கொடுக்காமல் மேஜையில் எறிந்தார்கள். தங்க இடம் கிடைக்காமல், பார்சிப் பெயர் ஒன்றைப் பதிந்துகொண்டு, நாளைக்கு ஒன்றரை ரூபாய் வாடகையில் ஒரு பார்சி விடுதியில் ஒண்டிக்கொண்டார். பதினோராம் நாள் தடியோடு ஒரு கூட்டம் வந்து நின்றது. அன்று முழுக்க அலைந்தும் வீடு கிடைக்கவில்லை. பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். பத்து வருட பாண்ட் இப்படி முடிந்தது. கொலம்பியாவில் படித்து வந்தவருக்குச் சம்பளத்தோடு உத்தியோகம் தர முடிந்த சமஸ்தானத்தால், அதே ஊரில் குடியிருக்க ஒரு அறை ஏற்பாடு செய்ய முடியவில்லை. இதை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு ஆறுவதில்லை.

இதன் பிறகு அவர் எந்த ராஜாவின் முழு உதவியையும் நம்பி உட்காரவில்லை. 1918 நவம்பரில் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். சம்பளம் 450 ரூபாய். அவர் பரேல் சாலிலேயே இருந்தார். ரமாபாய் அம்மையார் கட்டுசெட்டாகக் குடும்பம் நடத்தினார். 1920ல் வேலையை ராஜினாமா செய்தபோது கையில் சேமிப்பு 7,000 ரூபாய். கோல்காப்பூர் சாகு மகாராஜா 1,500 கொடுத்தார். நியூயார்க்கில் அறை நண்பராக இருந்த நவல் பத்தேனா 5,000 கடன் கொடுத்தார். மூன்று பேர் பணத்தையும் ஒட்டுப்போட்டு லண்டனுக்குக் கப்பல் ஏறினார். ரூம்மேட்டிடம் வாங்கிய கடன் என்றால் என்ன என்று நமக்குத் தெரியாதா! என் ரூம்மேட் அந்த செமஸ்டரில் கொடுத்த எண்ணூறு ரூபாயை இன்று வரை அவன் திருப்பிக் கேட்கவில்லை. (இதைப் படித்துவிட்டுக் கேட்டாலும் கேட்பான்.)

லண்டனில் பிரிட்டிஷ் மியூசியம் நூலகம் திறக்கும்போது போனால் மூடும்போதுதான் வருவார். மதியச் சாப்பாடு கிடையாது. ராத்திரி படிக்கும்போது பசித்தால், நண்பர் கொடுத்த அப்பளத்தைச் சுட்டுச் சாப்பிடுவார். 1921ல் எம்.எஸ்ஸி. முடிந்தது. ரூபாயின் பிரச்சினை பற்றிய டி.எஸ்ஸி. ஆய்வை 1922ல் கொடுத்தார். திருத்தி எழுதச் சொன்னார்கள். அங்கேயே தங்கித் திருத்தப் பணம் இல்லை. 1923ல் பம்பாய் வந்து, இங்கிருந்தே திருத்தி அனுப்பி, அந்த வருடக் கடைசியில் பட்டம் வாங்கினார். ரூபாயைப் பற்றி ஆராய்ச்சி செய்தவருக்கு ரூபாய்தான் இல்லை!

நம்ம கல்லூரிக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இடத்துக்கு இப்போது வருகிறேன். 1942ல் அவர் வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அதே அக்டோபரில் வைஸ்ராயிடம் ஒரு மனு கொடுத்தார். பட்டியல் இன மாணவர்கள் இங்கே அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்க வருடம் இரண்டு லட்ச ரூபாய், வெளிநாட்டில் படிக்க ஒரு லட்சம் என்று கேட்டார். தான் படித்தது பொருளாதாரமும் சட்டமும். ஆனால் பிள்ளைகளுக்குக் கேட்டது நம்ம படிப்புக்கு! 1944ல் போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் திட்டம் தொடங்கியது. ஒரு வாத்தியார் கூட்டிக்கொண்டு போய் ஒரு மகாராஜா மனசு வைத்தால் கிடைத்தது, அதன் பிறகு விண்ணப்பம் போட்டுக் கேட்கிற உரிமையாக மாறியது. 1956 டிசம்பர் 6 அன்று அவர் மறைந்தார். அந்தத் திட்டம் பிறகு விரிந்து, சுமார் அறுபது வருடம் கழித்து எங்கள் வீட்டுக்கும் வந்தது. என் பணம் அந்த ஏப்ரலில் கிடைத்தது, மெஸ் பாக்கி தீர்ந்தது, கம்மலும் வீடு வந்தது. அம்மா இன்றைக்கும் அதைத்தான் போட்டிருக்கிறார்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு: ஸ்காலர்ஷிப் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், பேங்க் பாஸ்புக் மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்க. பாதி விண்ணப்பம் அங்கேதான் மாட்டுகிறது. சந்திப்பு அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் லைப்ரரியில் அந்தக் கடைசி மேஜையில் இருப்பேன். சந்தேகம் இருந்தால் ஃபாரத்தை எடுத்துக்கொண்டு வாங்க, சேர்ந்தே பூர்த்தி செய்துவிடலாம்.