சொன்ன பேச்சு கேட்ட இரும்புப் படகு

இந்த மாதம் நான் எழுத எடுத்துக்கொண்டவர் நிகோலா டெஸ்லா. காந்தப்புலத்தின் அலகு டெஸ்லா என்று எல்லோரும் மனப்பாடம் செய்கிறோம். அந்த அலகுக்குப் பின்னால் ஒரு மனுசன் இருந்தார், அவர் ஊரைக் கூட்டி வைத்து பொம்மைப் படகு விட்டார் என்பது பல பேருக்குத் தெரியாது.

1856 ஜூலை 10-ந் தேதி, இப்போது குரோஷியா என்கிற நாட்டில், ஸ்மிலியான் என்ற சின்னக் கிராமத்தில் பிறந்தார். அப்பா பாதிரியார். அம்மா பள்ளிக்கூடம் போகாதவர், ஆனால் வீட்டுக்கு வேண்டிய சாமான்களைத் தானே செய்துகொள்வாராம். மகனும் பாதிரியார் ஆகணும்னு அப்பாவுக்கு ஆசை. மகனுக்கோ இஞ்சினியரிங் மேல்தான் கண். 1873-ல் காலரா வந்து படுத்த படுக்கையாகிவிட்டார். பிழைத்து எழுந்தால் இஞ்சினியரிங்கே படிக்க வைக்கிறேன் என்று அப்பா வாக்குக் கொடுத்தார். பிள்ளை எழுந்துவிட்டார், அப்பாவும் சொன்ன சொல் தவறவில்லை. பத்தாவது முடித்தால் பனியன் கம்பெனியா, பாலிடெக்னிக்கா என்று பேச்சு நடக்கிற நம்ம ஊர் வீடுகளில் இந்தக் கதையை ஒரு தடவை சொல்லிப் பார்க்கலாமுங்க. காலரா மட்டும் வேண்டாம்.

1884-ல் நியூயார்க் போய் இறங்கியபோது பையில் 4 சென்ட் காசுதான். எடிசனிடம் வேலைக்குச் சேர்ந்து, சீக்கிரமே விலகினார். 1888-ல் மாறுமின்னோட்ட மோட்டாருக்குக் காப்புரிமை வாங்கினார். சேவூரில் தறியை ஓட்டுகிற மோட்டாரும் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற மோட்டாரும் அந்த வழியில் வந்தவைதான். 1895-ல் அவருடைய ஆய்வுக்கூடம் முழுசாக எரிந்து போனது. அடுத்த வருசம் நம் சுவாமி விவேகானந்தர் அமெரிக்காவில் அவரைச் சந்தித்துப் பேசினார்.

இனி படகுக்கு வருவோம். 1898, நியூயார்க்கில் மாடிசன் சதுக்கத் தோட்டம் என்ற அரங்கில் மின்சாரக் கண்காட்சி. உள்ளே ஒரு தண்ணீர்த் தொட்டி. அதில் சுமார் 4 அடி நீளத்தில் ஒரு இரும்புப் படகு. டெஸ்லா தள்ளி நின்று ஒரு பெட்டியில் இருந்த பிடியைத் திருப்புகிறார், படகு திரும்புகிறது. ஒயர் கிடையாது! உள்ளே குரங்கை உட்கார வைத்திருக்கிறார் என்றுகூடச் சிலர் நினைத்தார்களாம். 64-க்குக் கனமூலம் என்ன என்று கேட்டபோது படகின் விளக்கு 4 தடவை மின்னியது. விளக்கைப் போட்டது டெஸ்லாதான், பாவம் ஜனங்கள்.

உள்ளே உலோகத் தூள் போட்ட ஒரு குழாய் இருந்தது. ரேடியோ அலை பட்டால் தூள் வழியாகக் கரண்ட் பாயும். உடனே குழாய் தானாகப் புரண்டு, தூள் கலைந்து, அடுத்த அலைக்குத் தயாராகிவிடும்.

தூரத்திலிருந்து திருப்புவது பெரிய விசயம்தான். அதற்கு முன்னால் படகு தண்ணீரில் மட்டமாக உட்காரணுமே! டெஸ்லாவின் படகுக்குள் விசிறியைச் சுற்ற ஒரு மோட்டார், சுக்கானைத் திருப்ப ஒரு மோட்டார், இரண்டுக்கும் சேர்த்து பேட்டரிகள். அந்தக் காலத்து பேட்டரி ஈயத் தகடு போட்டது, இன்வெர்ட்டர் பேட்டரி மாதிரி கனம். அதை முன்னால் தள்ளி வைத்தால் படகு மூக்கைத் தண்ணீரில் குத்தும். பின்னால் வைத்தால் மூக்கு வானம் பார்க்கும். உயரத்தில் வைத்தால் திரும்பும்போது கவிழும். படகின் எடை கீழே இழுக்கிற புள்ளி ஈர்ப்பு மையம். தண்ணீர் மேலே தள்ளுகிற புள்ளி மிதப்பு மையம். இரண்டும் ஒரே செங்குத்துக் கோட்டில் நின்றால்தான் படகு அமைதியாக நிற்கும்.

இதைப் பார்க்க நானும் 2 சிநேகிதிகளும் தெர்மாகோலில் ஒரு முழ நீளத்துக்குப் படகு செய்து, பழைய ரிமோட் காரின் மோட்டாரையும் போர்டையும் வைத்தோம். படகுக்கு அடியில் நூலை வளையமாகப் போட்டுத் தூக்கணும். நூலை முன்னும் பின்னும் நகர்த்தினால் ஒரு இடத்தில் தராசு மாதிரி மட்டமாக நிற்கும். அங்கே பேனாவில் கோடு போட்டுக்கொள்ளுங்க. பேட்டரி பின்கோடியில் இருந்தபோது எங்கள் கோடு நடுவிலிருந்து 4 விரற்கடை பின்னால் விழுந்தது, தொட்டியில் விட்டால் மூக்கு தூக்கியது. பேட்டரியை முன்னால் நகர்த்த நகர்த்த கோடும் கூடவே வந்தது, படகும் மட்டமானது. அதனால் பேட்டரியைப் பசை போட்டு ஒட்டாமல், படகின் தரையோடு ரப்பர் பேண்டில் கட்டுவது நல்லது.

டெஸ்லா தன் படகுக்கு 1898 நவம்பர் 8-ந் தேதி காப்புரிமை பெற்றார். காப்புரிமை அலுவலகத்து அதிகாரி நேரில் வந்து, ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகுதான் நம்பினாராம். அமெரிக்கக் கடற்படையோ அக்கறை காட்டவில்லை. எனக்கு இதுதான் ஆறவில்லை. டிரோன் எல்லாம் பின்னாளில் அந்த வழியில்தான் வந்தன. அவரோ கடைசிக் காலத்தில் கடனோடு ஓட்டல் அறையில் தனியாக இருந்து, புறாக்களுக்குத் தீனி போட்டுக்கொண்டு, 1943 ஜனவரி 7-ந் தேதி இறந்தார். 1960-ல்தான் காந்தப்புல அலகுக்கு அவர் பெயர் வைத்தார்கள்.

எங்கள் படகு அறிவியல் அறையில் இருக்கிறது. நூல் போட்டுத் தூக்கிப் பார்க்க ஆசைப்படுபவர்கள் மதிய இடைவேளையில் வாங்க. பென்சில் பேட்டரி 2 கொண்டுவந்தால் ஓட்டியும் பார்க்கலாம்.

— 9-ஆம் வகுப்பு மாணவி