மன்றோவின் சங்கிலியும் கலசப்பாக்கத்துப் பட்டாவும்

கலசப்பாக்கத்தில் செய்யாற்றங்கரையில் நிலம் வைத்திருப்பவர் தம் பட்டாவை எடுத்துப் பார்த்தால், புல எண், உட்பிரிவு, பரப்பு ஆகியவற்றுக்குப் பக்கத்தில் தீர்வை என்றொரு கட்டம் இருக்கும். இன்றைய விலைவாசியில் அத்தொகை பொருட்படுத்தத்தக்கதன்று. ஆனால், ஒவ்வொரு புலத்தையும் தனித்தனியே அளந்து, மதிப்பிட்டு, உழுபவரின் பெயரிலேயே வரியை எழுத வேண்டும் என்ற கருத்து எளிதில் வந்ததன்று. அதற்காக வாதாடியவர்களில் முதன்மையானவர் தாமஸ் மன்றோ. 2022-இல் தமிழக நகரங்களில் சொத்து வரி உயர்த்தப்பட்டபோது எழுந்த வாதங்கள் பலவும் அவருடைய வாழ்க்கையில் முன்பே நடந்தவை.

1761-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்த மன்றோ, 1780-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைப் பயிற்சியாளராகச் சென்னைக்கு வந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் படைவீரர் வாழ்க்கை. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கம்பெனியின் கைக்கு வந்தது. ஜவ்வாது மலையின் மேற்குச் சரிவில் உள்ள திருப்பத்தூர் அதில் அடக்கம். கிழக்கே கலசப்பாக்கம் அப்போது ஆற்காட்டு நவாபின் சீமை. பாராமகாலை நிர்வகிக்கச் சென்ற அலெக்சாண்டர் ரீடின் உதவியாளர்களில் ஒருவராக மன்றோ ஏழாண்டுகள் பணிபுரிந்தார். நிலத்தை அளந்து, இடைத்தரகரின்றிக் குடியானவரிடமே வரி பெறும் முறையைத் தொடங்கியவர் ரீடுதான். புகழ் முழுவதும் சீடருக்குப் போனது வரலாற்றின் வழக்கமான ஓரவஞ்சனை.

1800-இல் நிஜாம் விட்டுக்கொடுத்த பெல்லாரி, கடப்பை, அனந்தப்பூர் பகுதிகளுக்கு மன்றோ தலைமை ஆட்சியரானார். 1802-இல் அங்கே நில அளவை தொடங்கியபோது இருந்தவர்கள் நான்கு குமாஸ்தாக்கள் மட்டுமே. பின்னர் அவர்கள் நூறு பேராகப் பெருகினர். அனைவர் கையிலும் 33 அடி நீளச் சங்கிலி. அதன் சதுரம் நாற்பது சேர்ந்தால் ஓர் ஏக்கர். அளந்தவர்களைத் தொடர்ந்து மண்ணின் தரம் பிரிப்போர் சென்றனர். ஊர்த் தலைவர், கர்ணம், குடியானவர்கள் ஆகியோரின் முன்னிலையில் புலத்துக்குப் புலம் வகை குறிக்கப்பட்டது, ஆட்சேபங்கள் கேட்கப்பட்டன. தெலுங்கும் கன்னடமும் வழங்கிய அச்சீமையில் மன்றோ கூடாரத்திலேயே ஆண்டுகளைக் கழித்தார்.

அளவை முடிந்தது. கணக்கு ஏறத்தாழச் சரி. வரியோ தாங்க முடியாதது. மொத்த விளைச்சலில் நூற்றுக்கு 45 பங்கு அரசுக்கு என்பது அந்த மதிப்பீட்டின் அடிப்படை. இங்குதான் மன்றோ மற்ற அதிகாரிகளிலிருந்து வேறுபடுகிறார். 1807-இல் ஊர் திரும்புமுன், தாமே விதித்த வரியில் 25 விழுக்காட்டைக் குறைக்க வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதினார். அளவை துல்லியமாக இருப்பதும் விகிதம் நியாயமாக இருப்பதும் வெவ்வேறு என்பதை அவர் அறிந்திருந்தார். மேலிடம் இசையவில்லை. போர்ச் செலவுக்குப் பணம் வேண்டியிருந்தது. கிராமங்களை மொத்தமாகக் குத்தகைக்கு விடும் முறைக்குக் கம்பெனி மாறியது. குத்தகைதாரர்கள் பலர் நொடித்துப்போயினர்.

லண்டனில் தம் முறைக்காக வாதாடிய மன்றோ, 1814-இல் நீதித்துறைச் சீர்திருத்த ஆணையத்தின் தலைவராகத் திரும்பினார். 1816-ஆம் ஆண்டின் சட்டங்கள் கிராம முன்சீப்புக்கும் பஞ்சாயத்துக்கும் சிறு வழக்குகளை விசாரிக்கும் அதிகாரத்தை அளித்தன. அதே சட்டங்கள் வரி வசூலிக்கும் ஆட்சியரிடமே காவலையும் குற்றவியல் அதிகாரத்தையும் ஒப்படைத்தன. இது மன்றோவின் பெரும்பிழை என்றே கருத வேண்டியிருக்கிறது. வரி கேட்பவரிடமே வரியால் விளைந்த கொடுமையை முறையிட வேண்டிய நிலை. வரிக்காகக் குடிகளை வதைத்தது பற்றி விசாரித்த சென்னை மாகாண ஆணையத்தின் 1855-ஆம் ஆண்டு அறிக்கை அதன் விளைவைக் காட்டியது. இன்றும் சொத்து வரி மறுமதிப்பீட்டின்மீதான ஆட்சேபத்தை முதலில் கேட்பது பெரும்பாலும் வரி விதித்த அதே அலுவலகம்தான்.

1820-இல் அவர் சென்னை மாகாண ஆளுநரானார். ரயத்துவாரி முறை மாகாணத்தின் பொது முறையாயிற்று; 1801-இல் கம்பெனியின் ஆளுகைக்கு வந்துவிட்ட ஆற்காட்டுச் சீமையும், அதிலிருந்த கலசப்பாக்கமும் காலப்போக்கில் அதற்குள் வந்தன. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் கேட்ட வரிக் குறைப்பு அவர் ஆளுநரான பிறகே பழைய மாவட்டங்களுக்குக் கிடைத்தது. அதற்குள் எத்தனை பேர் நிலத்தை விட்டுப் போயிருப்பார்கள் என்பதை எந்தக் கணக்கும் சொல்லாது.

பதவியிலிருந்து விலகும் தறுவாயில், விடைபெறுவதற்காக அவர் அந்த மாவட்டங்களுக்கே சென்றார். வழியில் பத்திகொண்டாவில் வாந்திபேதி கண்டு, 1827 ஜூலை 6 அன்று இறந்தார். சென்னைத் தீவுத்திடலருகே குதிரைமேல் அமர்ந்திருக்கும் அவருடைய சிலையைக் காண்போர் அங்கவடி இல்லாததைச் சுட்டிக்காட்டிப் பேசுவதுண்டு. அவர் குறைக்கக் கேட்ட அந்தக் கால் பங்கைப் பற்றிப் பேசுவோர் அரிது.