பாலைவனத்துக்கு ரயில் வந்தது... தண்ணீர் வந்ததா? மேப் போட்டு எச்சரித்த ஒற்றைக்கை மனிதர்: யார் இந்த ஜான் வெஸ்லி பவல்?

அமெரிக்காவின் மேற்குப் பாலைவனத்தில், தண்டவாளத்தை நம்பி முளைத்த பல ஊர்கள் இன்றைக்கு இல்லை. ஆனால் பழைய நிலப்பரப்பு வரைபடங்களில் அந்த ஸ்டேஷன், கிணறு, ஊற்று எல்லாமே அப்படியே இருக்கு. அந்த வரைபடப் பணியை நாடு முழுக்கக் கொண்டுபோனவர்தான் ஜான் வெஸ்லி பவல்.

யார் இவர்?

1834-ல் நியூயார்க் மாகாணத்தில் பிறந்தவர். 1862-ல் உள்நாட்டுப் போரில், ஷைலோ சண்டையில் வலது கையை இழந்தார். ஆனாலும் மனுஷன் ஓயவில்லை.

ரயிலில் வந்த படகுகள்

1869 மே 10-ல் கண்டம் கடக்கும் ரயில் பாதை இணைந்தது. இரண்டே வாரத்தில், மே 24 அன்று, வயோமிங்கின் கிரீன் ரிவர் ரயில் நிலைய ஊரிலிருந்து 10 பேர், 4 படகுகளோடு கிளம்பினார் பவல். படகுகள் வந்ததும் அதே ரயிலில்தான். கிராண்ட் கேன்யனைக் கடந்து ஆகஸ்ட் 30-ல் வெளியே வந்தபோது மிச்சம் 6 பேர், 2 படகுகள்.

அப்படியென்ன சொன்னார்?

ரயில் போனால் குடியேற்றம் வரும், உழுதால் மழையும் வரும் என்று அப்போது ஒரு பிரசாரம் ஓடியது. பவல் அதை நம்பலை. 1878 அறிக்கையில், வறண்ட நிலத்தில் ஒரு சிறு பகுதிக்குத்தான் பாசனம் கிடைக்கும் என்றார்.

1881-ல் அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் இயக்குநரானார். சம உயரக் கோடுகள் போட்ட மேப் இருந்தால்தான் தண்ணீர் எங்கிருந்து எங்கே ஓடும், அணை எங்கே கட்டலாம் என்பது தெரியும். அதுக்குப் பிறகே நிலத்தைக் கொடுக்கணும் என்பது அவர் வாதம்.

எதிர்ப்பு ஏன்?

1888-ல் பாசன சர்வே தொடங்கியது. அது முடியும்வரை நில விண்ணப்பங்கள் நிறுத்தி வைக்கப்பட, மேற்கு மாகாண அரசியல்வாதிகள் கொதித்தார்கள். 1890-ல் நிதி வெட்டப்பட்டது. 1893 லாஸ் ஏஞ்சல்ஸ் பாசன மாநாட்டில், இருக்கிற நிலத்துக்கே தண்ணீர் போதாது என்றவரைக் கூச்சல் போட்டு அவமதித்தார்கள். 1894-ல் பதவி விலகினார், 1902-ல் காலமானார்.

இன்று கொலராடோ ஆற்றுத் தண்ணீருக்கு 7 மாகாணங்கள் மோதிக்கொள்கின்றன. அந்த ஆற்றில், வறட்சியால் நீர்மட்டம் சரிந்த பெரிய நீர்த்தேக்கத்தின் பெயர் என்ன தெரியுமா? பவல் ஏரி!