இடி இடிச்சா வீட்டு மெயின் போர்டுக்கு என்னாகும்? செயற்கை மின்னலை உருவாக்கிய ஸ்டைன்மெட்ஸ் கதை!

இடி இடித்தால் டிவி பிளக்கைக் கழற்றுவது நம்ம வழக்கம். இப்போது பலர் மெயின் போர்டிலேயே சர்ஜ் புரொடக்டர் மாட்டுகிறார்கள். வீடு முழுவதையும் காக்கும் இந்தச் சின்னப் பெட்டிக்குப் பின்னால், 100 வருஷத்துக்கு முன்பு மின்னலோடு மல்லுக்கட்டிய ஒரு மனிதரின் உழைப்பும் இருக்கிறது. அவர் சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ்.

யார் இவர்?

1865 ஏப்ரல் 9-ம் தேதி ப்ரெஸ்லா நகரில் பிறந்தார். இன்று அது போலந்தில் உள்ளது. பிறவியிலேயே முதுகில் கூன். அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் அதே பாதிப்பு. உயரம் சுமார் 4 அடிதான். கணக்கில் புலி. ஆனால் சோஷலிஸ்ட் இயக்கத்தில் இருந்ததால் போலீஸ் பிடி இறுகியது. படிப்பை முடிக்கும் முன்பே, 1888-ல் ஊரை விட்டுத் தப்பினார்.

திருப்பி அனுப்பப் பார்த்த அமெரிக்கா

1889-ல் நியூயார்க் வந்து இறங்கியபோது கையில் காசில்லை, இங்கிலீஷும் சரியாக வராது. உடம்பைப் பார்த்த அதிகாரிகள் உள்ளே விடத் தயங்கினார்கள். கூட வந்த நண்பர் பொறுப்பேற்ற பிறகுதான் அனுமதி கிடைத்தது.

அப்படி நுழைந்தவர்தான், மோட்டாரும் டிரான்ஸ்ஃபார்மரும் காந்தத்தால் எவ்வளவு மின்சாரத்தை இழக்கின்றன என்பதற்கு 1892-ல் கணக்கு கொடுத்தார். ஏசி மின்சாரக் கணக்குகளை எளிமையாக்கினார். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் முக்கிய மூளையானார்.

உடைந்த கண்ணாடி சொன்ன பாடம்

மின்கம்பிகள் நீள நீள, மின்னல் பெரிய தலைவலியானது. 1920-ல் மின்னல் அவருடைய ஆற்றங்கரைக் குடிலையே தாக்கியது. கண்ணாடி சுக்குநூறானது. அவர் துண்டுகளைப் பொறுக்கி ஒன்றுசேர்த்து, மின்னல் போன தடத்தை ஆராய்ந்தார்.

1922-ல் ஆய்வகத்திலேயே செயற்கை மின்னலை உருவாக்கினார். 1,20,000 வோல்ட்! மரக்கட்டைகள் சிதறின. மின்கம்பிகளைக் காக்கும் லைட்னிங் அரெஸ்டர்களைச் சோதிக்க, இடிமழைக்குக் காத்திருக்கும் நிலை மாறியது.

நம்ம வீட்டுக்கு என்ன சம்பந்தம்?

லைட்னிங் அரெஸ்டர் மின்னலைத் தடுக்காது. வோல்டேஜ் எல்லை மீறும்போது மட்டும் பூமிக்கு வழி திறந்துவிடும். அலை ஓய்ந்ததும் வழியை மூடிவிடும். வீட்டு சர்ஜ் புரொடக்டரும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதனால் வாங்கும் முன் இவற்றைப் பாருங்க:

* எர்த்திங் சரியாக இருக்கிறதா? இல்லையென்றால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் பலனில்லை.
* மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில், குட்டையான வயரில் இணைக்க முடியுமா?
* ஆயுள் முடிந்ததைக் காட்டும் அடையாளம் பெட்டியில் இருக்கிறதா? ஒவ்வொரு சர்ஜும் அதைக் கொஞ்சம் தேய்க்கும்.

வீட்டின் மேல் நேரடியாக விழும் மின்னலை இது மட்டும் சமாளிக்காது. அதற்கு இடிதாங்கி தனியாக வேண்டும்.

கடைசி நாட்கள்

தன் கூன் பிள்ளைகளுக்கும் வரக்கூடாது என்று ஸ்டைன்மெட்ஸ் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. உதவியாளரைத் தத்து மகனாக்கி, அவர் குழந்தைகளுக்குத் தாத்தாவாக வாழ்ந்தார். 1923 அக்டோபர் 26-ல், 58 வயதில் மறைந்தார். ஒருகாலத்தில் உள்ளே விடவே யோசித்த நாடு, அவரைத் தன் பெருமையாகவே வழியனுப்பியது.