மலையருவியில் ஒளி கண்ட விமலசுரேந்திர

கார்த்திகைத் திங்களில் நம் தோட்டத்துக் கோயில்களிலே சொக்கப்பனை கொளுத்துகிறோம்; லயத்து வாசல்தோறும் அகல் விளக்கு ஏற்றுகிறோம். ஒளியை இறைவனாகக் கண்டு வணங்குதல் நம் முன்னோர் நமக்கு வைத்துச் சென்ற செல்வம். அவ்வொளி நம் மலைநாட்டு அருவிகளுக்குள்ளேயே உறங்கிக் கிடக்கிறது என்று கண்டவர் ஒருவர் இருந்தார். கண்டதைக் கணக்கிட்டு எழுதி, எழுதியதை நாட்டை ஆள்வோர் செவியில் ஏற்றுவதற்காகத் தம் வாழ்நாளிற் பெரும் பகுதியைச் செலவிட்டவர் அவர். அவர் நம் மொழி பேசியவரல்லர். நம் மலையிலே பிறந்தவருமல்லர். ஆயினும், அவர் சரித்திரத்தை நம் வாலிபர்கள் அறிந்திருத்தல் அவசியம் என்று கருதியே இச் சிறு கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

அப்பெரியார் தேவபுர ஜயசேன விமலசுரேந்திர. 1874 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 17 ஆம் நாள் தென்னிலங்கையில் காலியிலே பிறந்தார். தந்தையார் முதலியார் பட்டம் பெற்றவர், கைவேலையிற் சிறந்தவர். உலோகத்தை உருக்கவும் வளைக்கவும் தெரிந்த குடும்பத்திலே வளர்ந்த சிறுவனுக்கு எந்திரங்களில் நாட்டம் பிறந்தது வியப்பன்று. கொழும்பிலே தொழில்நுட்பக் கல்வி கற்று, அரசினரின் பொதுவேலைப் பகுதியிற் சேர்ந்தார். பின்னர் இங்கிலாந்து சென்று மின்சாரப் பொறியியலையும் கற்றுத் திரும்பினார். உயர்ந்த உத்தியோகங்கள் எல்லாம் வெள்ளையர் கையிலிருந்த அந்நாளில், சுதேசி ஒருவர் பொறியியலாளர் என்று தலை நிமிர்ந்து நிற்பது எளிதான காரியமன்று.

உத்தியோக நிமித்தம் அவர் மலைநாட்டுக்கு வந்தார். நம் அட்டன், மஸ்கெலியாப் பகுதிகளில் இரண்டு ஆறுகள் ஓடுகின்றன: ஒன்று கெஹெல்கமு ஓயா, மற்றொன்று மஸ்கெலியா ஓயா. சிவனொளிபாத மலைச் சாரலிலும் அதையடுத்த மலைகளிலும் பெய்யும் மழையைச் சுமந்து வரும் இவ்விரண்டும் கீழே ஒன்று சேர்ந்து களனி கங்கையாகின்றன. கெஹெல்கமு ஓயா அபர்தீன் அருவியாக முந்நூறு அடிக்கு மேலிருந்து விழுகிறது. மஸ்கெலியா ஓயா லக்சபான அருவியாக நானூறு அடிக்கு மேலிருந்து விழுகிறது. இப்பகுதிக்குத் தங்கம் தேடும் வேலையாக அனுப்பப்பட்ட விமலசுரேந்திர, தங்கத்தை விட்டு அருவியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். ஆயிரம் பேர் பார்த்து அழகு என்று வியந்த நீரை அவர் சக்தி என்று பார்த்தார்.

பகீரதன் கதை நாம் அறிந்ததே. ஆகாய கங்கை அப்படியே விழுந்தால் பூமி தாங்காது என்று சிவபெருமான் அதைத் தம் சடையிலே ஏற்றார். அடக்கி, அளவாக விடுத்த பின்னரே அது உலகுக்குப் பயன்பட்டது. நீர்மின்சாரத்தின் தத்துவமும் ஏறக்குறைய இதுவே. ஆற்றை அணை கட்டி நிறுத்த வேண்டும். குகை வழியாகவும் குழாய் வழியாகவும் உயரத்திலிருந்து இறக்க வேண்டும். இறங்கும் வேகத்திலே சக்கரம் சுழல, அச்சக்கரத்தோடு சேர்ந்து டைனமோ சுழல, மின்சாரம் பிறக்கிறது. நான் படித்த மிஷன் பாடசாலையிலே பௌதிக வகுப்பில் டைனமோவைப் படமாக வரைந்தோம். அந்தப் படம் உயிர் பெற்றுச் சுழலும் இடம் பஸ்ஸிலே போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் இருக்கிறது என்பதை நான் வெகுநாள் அறிந்தேனில்லை.

கொழும்பிலே மின்விளக்கு முதன்முதல் எரிந்தது 1895 ஆம் ஆண்டில். மலைநாட்டில் விமலசுரேந்திர தம் எண்ணத்தைச் சிறிய அளவில் செய்து காட்டினார். நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளாக்பூல் என்னும் இடத்தில் 1912 ஆம் ஆண்டு ஒரு சிறு நீர்மின் நிலையம் எழுந்தது. அதிலிருந்து நுவரெலியா நகருக்கு மின்சாரம் கிடைத்தது. துரைமார் குளிர்காயப் போகும் நகருக்கு ஒளி கொடுத்ததோடு அவர் மனம் நிறைவடையவில்லை. நாடு முழுவதற்கும் ஒளியும், நாட்டிலே பிறக்க வேண்டிய ஆலைகளுக்கு உந்துசக்தியும் கொடுக்க வேண்டும் என்பதே அவர் நினைவு.

முதலாம் உலக யுத்தம் நடந்த காலம் அது. இலங்கையின் ரயில்களும் எந்திரங்களும் கப்பலில் வரும் நிலக்கரியையே நம்பியிருந்தன. யுத்தத்தினால் கப்பல் அரிதாயிற்று, விலை ஏறிற்று. அவ்வேளையில், 1918 ஆம் ஆண்டு, இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன்னே, இலங்கையில் சக்தியைப் பயன்படுத்துவதன் பொருளாதாரம் பற்றி விமலசுரேந்திர ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையைச் சமர்ப்பித்தார். பிறநாட்டு நிலக்கரிக்குக் காசைக் கொடுத்துக்கொண்டிருக்கும் நாட்டின் சொந்த மலைகளிலே, மழை பெய்யும் வரை வற்றாத எரிபொருள் வீணாகக் கடலுக்கு ஓடுகிறது. லக்சபானவிலே அதைப் பிடித்தால் நாட்டின் கைத்தொழில்களை நடத்தலாம். இதுவே அக்கட்டுரையின் சாரம். அது கவிஞன் கனவன்று. கணக்கோடு கூடிய ஆராய்ச்சி.

இந்தியாவிலே மைசூர் சமஸ்தானம் 1902 ஆம் ஆண்டிலேயே காவேரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பிவிட்டது. அங்கே பொறியியலாளர் சொன்னதைத் திவானும் அரசரும் கேட்டனர். நம்மைப் போலவே தேயிலை விளையும் நீலகிரியிலும் 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்நிலையம் எழுந்தது. அந்த மின்சாரம் மலையிறங்கிப் போய்க் கோயம்புத்தூர் பஞ்சாலைகளைப் பெருக்கியதை யாவரும் அறிவர். இலங்கையிலோ ஆராய்ச்சி இருந்தது. அதைக் கேட்கும் செவி இல்லை. தேயிலையும் ரப்பரும் ஏற்றுமதி செய்து, மற்றெல்லாவற்றையும் இறக்குமதி செய்யும் நாடாகவே இத்தீவை வைத்திருந்த அரசினருக்கு, ஆலைகளை ஓட்டும் மின்சாரம் அவசரமாகத் தோன்றவில்லை. 1920களின் நடுவில் லக்சபான வேலை தொடங்கிற்று. சில ஆண்டுகளுக்குள் நின்றும் போயிற்று.

இவ்விடத்தில் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே காலத்தில், அதே மலைகளில், மற்றோர் ஆராய்ச்சிக்கு அரசினரின் ஆதரவு தாராளமாகக் கிடைத்தது. 1925 ஆம் ஆண்டு தேயிலை ஆராய்ச்சிக்கெனச் சட்டம் இயற்றப்பட்டது. ஏற்றுமதியாகும் தேயிலையின் மீது சிறு வரி விதித்து, அப்பணத்தைக் கொண்டு தேயிலை ஆராய்ச்சி நிலையம் நடத்தப்பட்டது. அந்நிலையம் பின்னர் தலவாக்கலையில் சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. தோட்டக்காரர், விஞ்ஞானி, சட்டம் இயற்றுவோர் ஆகிய மூவரும் ஒரே மேசையில் அமர்ந்தனர். ஆகவே காரியம் நடந்தது. தேயிலையால் இலாபம் பெறுவோருக்குச் சபையிலே குரல் இருந்தது. மின்சாரத்தால் நாளை பிழைக்கப் போகும் ஏழைகளுக்குக் குரல் இருக்கவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்கிறோம். ஆனால் சுரைக்காயை ஏட்டிலேயே அடைத்து வைத்தது யார் என்றும் கேட்க வேண்டுமல்லவா?

விமலசுரேந்திர மனம் தளர்ந்து வீட்டில் உட்கார்ந்திருந்தால் அவர் பெயரை இன்று நாம் அறியோம். அரசாங்க மின்சாரப் பகுதி தனியாக அமைந்தபோது அதிலே உயர் பதவி வகித்தும், தம் திட்டம் அசையாததைக் கண்டார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின், ஒரு பொறியியலாளர் செய்யத் துணியாத காரியத்தைச் செய்தார், தேர்தலில் நின்றார். டொனமூர் அரசியல் திட்டத்தின்படி சர்வசன வாக்குரிமை வழங்கப்பட்டு, 1931 ஆம் ஆண்டு முதலாவது அரசாங்க சபைக்குத் தேர்தல் நடந்தது. இரத்தினபுரித் தொகுதி மக்கள் அவரைத் தெரிந்தெடுத்தனர். அச்சபையில் ஏழு நிர்வாகக் குழுக்கள் இருந்தன. ஒவ்வோர் அங்கத்தவரும் ஏதாவதொரு குழுவில் அமர்ந்து மந்திரியோடு சேர்ந்து கொள்கை வகுக்க வேண்டும். இவ்வாறு, ஆராய்ச்சி செய்தவரே கொள்கை வகுப்போர் மத்தியில் வந்தமர்ந்தார். பொறியியலாளர் சங்கத்திலே வாசித்ததைச் சபையிலே வாதாடினார்.

அவர் சபையை விட்டு நீங்கிய பின்னும் அவர் மூட்டிய நெருப்பு அணையவில்லை. 1936 இல் போக்குவரத்து, வேலை மந்திரியான ஜோன் கொத்தலாவலயின் காலத்தில் லக்சபான வேலை மீண்டும் தொடங்கியது. இரண்டாம் உலக யுத்தம் குறுக்கிட்டது. எந்திரங்கள் வந்து சேரத் தாமதித்தன. ஈற்றில் 1950 ஆம் ஆண்டு லக்சபான மின்நிலையம் 25,000 கிலோவாற்று சக்தியோடு இயங்கத் தொடங்கியது. கட்டுரை வாசித்த நாளிலிருந்து முப்பத்திரண்டு ஆண்டுகள்! நாற்பத்து நான்கு வயதில் கண்ட உண்மை, எழுபத்தாறு வயதில் ஒளியாயிற்று. மேலும் மூன்றாண்டுகள் வாழ்ந்து, 1953 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 10 ஆம் நாள் அவர் அமரரானார்.

பின்னர் வந்தவை வேகமாக வந்தன. 1958 இல் லக்சபானவின் சக்தி இரு மடங்காயிற்று. 1965 இல் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீரைக்கொண்டு நோர்ட்டன் பிரிட்ஜில் 50,000 கிலோவாற்று நிலையம் எழுந்தது; அதற்கு விமலசுரேந்திரவின் பெயரையே சூட்டினர். 1969 இல் பொல்பிட்டிய நிலையம் தொடங்கியது. காசல்ரீயிலிருந்து இறங்கும் நீர் விமலசுரேந்திர நிலையத்தில் ஒரு முறையும், லக்சபானவில் ஒரு முறையும், பொல்பிட்டியவில் ஒரு முறையும் வேலை செய்துவிட்டே களனி கங்கையை அடைகிறது. நம் தேயிலை ஸ்டோர்களிலும் மாற்றம் வந்தது. முன்னாளில் சில ஸ்டோர்கள் ஓடை நீரில் சக்கரம் சுழற்றி வேலை செய்தன. பல எண்ணெய் எஞ்சினை நம்பியிருந்தன. பின்னர் கொழுந்து வாட்டும் விசிறியும் அரைக்கும் ரோலரும் மின்சாரத்தால் ஓடலாயின.

இவ்வளவும் பெருமையே. ஆனால், மலைநாட்டுப் பிள்ளையாகிய நான் மறுபக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நன்றன்று. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பான்மையோர் நாடற்றவராயினர். 1950 இல் லக்சபானவில் மின்சாரம் பிறந்தபோது, அவ்வருவிக்கு அயலிலே வாழ்ந்த அம்மக்கள் எந்தக் கணக்கிலும் சேராதவராயிருந்தனர். மின்கம்பிகள் லயங்களின் தலைக்கு மேலாகக் கொழும்புக்குச் சென்றன. கீழே காம்பிராவில் குப்பி விளக்குப் புகைந்துகொண்டிருந்தது. துரை பங்களாவிலும் ஸ்டோரிலும் மின்விளக்கு எரிய, பல லயங்களுக்கு அது வந்து சேர மேலும் பல பத்தாண்டுகள் சென்றன. மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரே நீருக்குள் போயிற்று. கடும் வறட்சி வந்து நீர் இறங்கும் காலங்களில் அங்கிருந்த சண்முகநாதர் கோயில் வெளியே தெரிய, இன்றும் மக்கள் சென்று கைகூப்பி நிற்கிறார்கள். நாட்டின் ஒளிக்காக நம் ஊர் கொடுத்த விலை அது. இதற்கு விமலசுரேந்திரவைக் குறை கூறுதல் தகாது. ஆராய்ச்சியும் அரசும் கைகோத்தபோது, மூன்றாவது கையாக அங்கு வாழும் மக்களின் கை சேர்க்கப்படவில்லை என்பதே குறை.

ஆகவே, இப்பெரியாரின் வாழ்விலிருந்து நம் வாலிபர் கற்க வேண்டியது இரட்டைப் பாடம். அறிவு மட்டும் இருந்தால் அது அலுமாரியில் உறங்கும். அதிகாரம் மட்டும் இருந்தால் அது குருட்டு வண்டியாக ஓடும். இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு சிறு நாடு தன் கைத்தொழிலைத் தானே வளர்க்கும். அவ்வாறு வளரும்போது யாருடைய வீட்டு விளக்கு முதலில் எரியும் என்ற கேள்வியைக் கேட்க, அந்த வீட்டாருடைய பிள்ளையும் அச்சபையிலே இருக்க வேண்டும்.

இன்று நம் லயங்களிலிருந்தும் பிள்ளைகள் பல்கலைக்கழகம் செல்கின்றனர். மழைக்குச் சரியும் மலைச்சரிவுகள், கழுவுண்டு போகும் தேயிலை மண், வற்றிவரும் ஊற்றுகள் என்று நம் கண்முன்னே ஆராயப்பட வேண்டியவை எத்தனையோ உள. அவற்றை அளந்து எழுதுவோம். எழுதியதை நூலகத்தில் வைத்துவிட்டு வந்துவிடாமல், பிரதேச சபை வாசலிலும் பாராளுமன்ற வாசலிலும் கொண்டுபோய்க் கொடுப்போம். ஒரு முறை மறுத்தால் மறுமுறை கொடுப்போம். முப்பத்திரண்டு ஆண்டு பொறுத்தவரின் கதையைப் படித்த நாம், மூன்று மாதத்தில் சோர்வது அழகாகாது.

வரும் கார்த்திகையில் விளக்கேற்றும்போது, அருவிக்குள் ஒளி கண்ட அந்தக் காலி நகரத்துப் பொறியியலாளரையும் ஒரு கணம் நினைத்துக்கொள்வோம். அவர் கண்ட ஒளி மலைநாட்டின் கடைசிக் காம்பிராவையும் சென்றடைய எல்லாம் வல்ல இறைவன் திருவருள் புரிவானாக.