பெற்ற உரிமையைக் காக்கப் போராடிய பிரெட்ரிக் டக்ளஸ்

ஒரு சமூகத்துக்குரிய உரிமை சட்டப் புத்தகத்தில் இடம்பெற்றுவிட்டால் அத்துடன் போராட்டம் முடிந்துவிட்டதாகக் கருதும் போக்கு உலகெங்கும் காணப்படுகின்றது. எழுதப்பட்ட உரிமையும் கண்முன்னே பறிபோகலாம் என்பதற்கு 19 ஆம் நூற்றாண்டின் அமெரிக்க வரலாறு தெளிவான சான்றாகும். அந்த வரலாற்றின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் தமது ஒரே வாழ்நாளில் கண்டவர் பிரெட்ரிக் டக்ளஸ். அடிமையாகப் பிறந்து, அந்நாட்டின் தலைசிறந்த பேச்சாளர்களுள் ஒருவராக உயர்ந்த அவரது வாழ்வை நாம் இங்கு சுருக்கமாக நோக்குவது பொருத்தமாகும்.

மேரிலண்ட் மாநிலத்தின் டல்பட் பிரதேசத்தில் 1818 ஆம் ஆண்டு அவர் பிறந்தார். அடிமைகளின் பிறந்த திகதியைப் பதிந்து வைப்பார் எவருமில்லை. எனவே தமது பிறந்தநாளைப் பிற்காலத்தில் அவரே தெரிவு செய்துகொள்ள நேர்ந்தது. பாட்டியிடம் வளர்ந்த அக்குழந்தையைக் காண, 12 மைல் தொலைவிலிருந்த பண்ணையில் உழைத்த தாய் இரவில் நடந்து வந்து விடியுமுன் திரும்பிச் செல்வார். அவ்வாறு தாயைக் கண்டது ஒரு சில தடவைகள் மாத்திரமே. மகனுக்கு ஏழு வயதளவில் அத்தாயும் இறந்துபோனார்.

எட்டு வயதில் அவர் பால்டிமோர் நகரிலுள்ள ஒரு வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அவ்வீட்டுத் தலைவி அவருக்கு எழுத்துகளைக் கற்பிக்கத் தொடங்கினார். இதனை அறிந்த கணவர், எழுத்தறிந்த அடிமை அடிமையாக நீடிக்கமாட்டான் எனக் கூறித் தடுத்துவிட்டார். அந்தத் தடையே சிறுவனுக்கு வழிகாட்டியது. எதனை மறைக்க எசமானர் துடித்தாரோ அதிலேயே விடுதலைக்கான வழி இருக்கின்றது என்பதை அவர் விளங்கிக்கொண்டார். தெருவில் விளையாடிய வறிய வெள்ளைச் சிறுவர்களுக்குப் பாண் துண்டுகளைக் கொடுத்து, பதிலாக அவர்களிடம் பாடம் கேட்டார். பின்னர் சேமித்த 50 சதத்தைக் கொண்டு சொற்பொழிவுத் தொகுப்பு நூலொன்றை வாங்கி இரகசியமாகப் படித்தார்.

1834 ஆம் ஆண்டு, பணியாத அடிமைகளை அடித்துப் பணிய வைப்பதில் பெயர்பெற்ற எட்வேர்ட் கோவி என்ற பண்ணையாளரிடம் அவர் ஒப்படைக்கப்பட்டார். மாதக்கணக்கில் சவுக்கடி பட்ட அந்த 16 வயது இளைஞர் ஒருநாள் எதிர்த்து நின்றார். நீண்ட நேரம் நீடித்த அந்தக் கைகலப்பின் பின்னர் கோவி அவர்மீது கைவைக்கவில்லை. 1836 இல் தப்பிச் செல்ல அவர் எடுத்த முயற்சி தோல்வியுற்றுச் சிறையில் முடிந்தது. எனினும் 1838 செப்டெம்பர் 3 ஆம் திகதி மாலுமியின் உடையணிந்து, சுதந்திரக் கறுப்பினத்தவர் ஒருவரின் மாலுமிப் பத்திரத்தை இரவல் பெற்று, புகையிரதத்திலும் படகிலுமாக ஒரு நாளுக்குள் நியூயோர்க்கை அடைந்தார். அப்பயணத்துக்கு உதவிய அன்னா மரே என்ற சுதந்திரக் கறுப்பினப் பெண்ணையே மணம் முடித்தார்.

மசசூசெட்ஸ் மாநிலத்தில் குடியேறிய அவர் 1841 இல் நான்டக்கெட் தீவில் நடந்த அடிமை ஒழிப்புக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை, அவரை அவ்வியக்கத்தின் முழுநேரப் பேச்சாளராக்கியது. இத்துணை நாவன்மை மிக்கவர் அடிமையாக இருந்திருக்க முடியுமா எனச் சிலர் ஐயுற்றனர். அதற்கு விடையாக 1845 இல் எசமானர்களின் பெயர்களையும் ஊர்களையும் குறிப்பிட்டுத் தமது வாழ்க்கை வரலாற்றை அவர் வெளியிட்டார். உண்மையை நிறுவிய அந்நூல், தப்பியோடிய அடிமையின் இருப்பிடத்தையும் காட்டிக்கொடுத்தது. மீண்டும் பிடிபடும் ஆபத்தைத் தவிர்க்க அவர் அயர்லாந்துக்கும் பிரித்தானியாவுக்கும் சென்றார். அங்கிருந்த நண்பர்கள் 150 பவுண் செலுத்தி 1846 இல் அவரது விடுதலையைச் சட்டபூர்வமாக்கினர்.

தாயகம் திரும்பிய டக்ளஸ் 1847 இல் ரொச்செஸ்டர் நகரில் சொந்தப் பத்திரிகையை ஆரம்பித்தார். ஒடுக்கப்பட்டோர் தமது வழக்கைத் தாமே எடுத்துரைக்க வேண்டும் என்பது அவரது உறுதியான நிலைப்பாடாகும். அவரை அரவணைத்த வில்லியம் லொயிட் கரிசன், அமெரிக்க அரசியலமைப்பு அடிமை முறையைக் காப்பது என்றும் தேர்தல் அரசியலைப் புறக்கணிக்க வேண்டும் என்றும் போதித்தவர். டக்ளஸோ நீண்ட சிந்தனையின் பின்னர், அதே அரசியலமைப்பை விடுதலைக்கான கருவியாகப் பயன்படுத்தலாம் என 1851 இல் அறிவித்தார். இதனால் ஆசானின் நட்பை இழக்க நேரிட்டபோதிலும் அவர் பின்வாங்கவில்லை.

1861 இல் உள்நாட்டுப் போர் மூண்டது. கறுப்பினத்தவரைப் படையில் சேர்க்க வேண்டுமென வலியுறுத்திய அவர், தமது புதல்வர்களுள் இருவரைப் படைக்கு அனுப்பினார். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டொலர் வழங்கப்பட, கறுப்புச் சிப்பாய்க்கு 10 டொலர் ஒதுக்கப்பட்டு அதிலும் உடைக்காக 3 டொலர் கழிக்கப்பட்டது. 1863 ஓகஸ்டில் ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனை நேரில் சந்தித்து இந்த அநீதியை அவர் முறையிட்டார். உடனடித் தீர்வு கிட்டவில்லை. மறு ஆண்டு காங்கிரஸ் சம ஊதியத்துக்கு வழிசெய்தது.

போர் முடிந்ததும் அரசியலமைப்புத் திருத்தங்கள் மூன்று நிறைவேறின. 1865 இல் அடிமை முறை ஒழிந்தது. 1868 இல் குடியுரிமையும் 1870 இல் இனபேதமற்ற வாக்குரிமையும் உறுதிப்படுத்தப்பட்டன. ஆனால் அந்த வாக்குரிமை ஆண்களுக்கு மாத்திரமே உரியதாயிருந்தது. இங்கேதான் டக்ளஸின் வாழ்வில் பெரும் சோதனை எழுந்தது. 1848 இல் செனக்கா போல்ஸ் நகரில் நடைபெற்ற பெண்ணுரிமை மாநாட்டில் பெண்களின் வாக்குரிமைத் தீர்மானத்துக்காக வாதாடியவர் அவர். 1869 இல் அதே பெண்ணியத் தலைவிகளான எலிசபெத் கேடி ஸ்டான்டனும் சூசன் அந்தனியும் பெண்களை விடுத்த திருத்தத்தை எதிர்த்தனர். தெற்கில் கொலையுண்டுவரும் மக்களுக்கு வாக்குரிமை தாமதிக்க இயலாதது என டக்ளஸ் வாதிட்டார். ஒடுக்கப்பட்ட இரு தரப்பினர், யாருக்கு முதலிடம் என்று தம்முள் மோதிக்கொள்ளும் நிலை உருவானது. இருவருக்கும் ஒருங்கே உரிமை வழங்க மறுத்தவர்களோ அம்மோதலை வேடிக்கை பார்த்தனர். எனினும் திருத்தம் நிறைவேறிய பின்னர் டக்ளஸ் பெண்களின் வாக்குரிமைக்காக மீண்டும் குரல் கொடுத்தார். பிளவு பகையாக நிலைக்கவில்லை.

1877 இல் தென் மாநிலங்களிலிருந்து மத்திய அரசின் படைகள் ஒதுங்கிக்கொண்டதும் நிலைமை தலைகீழானது. அதே ஆண்டில் தலைநகரில் உயர் பதவியொன்றை ஏற்ற டக்ளஸ், போதிய எதிர்ப்பைக் காட்டவில்லை எனக் குறைகூறப்பட்டார். 1879 இல் தெற்கைவிட்டுக் கன்சாஸுக்குப் புறப்பட்ட ஏழைக் கறுப்பினத்தவரின் வெளியேற்றத்தை எதிர்த்தமைக்காகவும் சொந்த மக்களின் விமர்சனத்துக்கு ஆளானார். பிறந்த மண்ணிலேயே உரிமையை வெல்ல வேண்டும் என்பது அவரது வாதம். உயிருக்கு அஞ்சி ஓடுபவருக்கு அவ்வாதம் ஆறுதல் அளித்திருக்காது என்பதையும் நாம் மறுக்க முடியாது.

பொது இடங்களில் சமத்துவத்தை வழங்கிய 1875 ஆம் ஆண்டுச் சட்டத்தை 1883 இல் உயர் நீதிமன்றம் செல்லுபடியற்றதாக்கியது. 1890 இல் மிசிசிப்பி மாநிலம் தலைவரியையும் எழுத்தறிவுப் பரீட்சையையும் விதித்துக் கறுப்பினத்தவரை வாக்குச்சாவடியிலிருந்து விரட்டியது. எழுத்தறிவைக் குற்றமாக்கி ஒரு மக்களை அடிமைப்படுத்தியவர்களின் வழித்தோன்றல்கள், எழுத்தறிவின்மையையே காரணங்காட்டி அம்மக்களின் வாக்கைப் பறித்தமை வரலாற்றின் கொடூரமான முரண் எனலாம். முதுமையிலும் ஓயாத டக்ளஸ், இளம் பத்திரிகையாளரான ஐடா பி. வெல்ஸுடன் இணைந்து கும்பல் கொலைகளுக்கு எதிராகக் குரலெழுப்பினார்.

1895 பெப்ரவரி 20 ஆம் திகதி வாஷிங்டனில் பெண்கள் மாநாடொன்றில் பங்குபற்றிவிட்டு வீடு திரும்பிய அவர், அன்று மாலையே உயிர் நீத்தார். முன்னர் முரண்பட்டு நின்ற சூசன் அந்தனியும் அம்மாநாட்டில் இருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. மறு ஆண்டே உயர் நீதிமன்றம் இனப் பிரிவினையைச் சட்டபூர்வமாக ஏற்றுக்கொண்டது. அமெரிக்கப் பெண்கள் 1920 வரையும், தெற்கின் கறுப்பினத்தவர் 1965 ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வரையும் காத்திருக்க வேண்டியதாயிற்று. அச்சட்டத்தின் முக்கிய ஏற்பாடொன்றும் 2013 இல் அதே நீதிமன்றத்தினால் செயலிழந்தது.

சட்டம் உரிமைக்கு உருவம் கொடுக்கும். அதற்கு உயிர் கொடுப்பது மக்களின் விழிப்பேயாகும். உரிமையற்ற இரு சமூகங்கள் ஒன்றையொன்று ஐயுறும்போது அந்த விழிப்பு குன்றிப் போகின்றது. ஒரே ஆயுளில் வெற்றியையும் அதன் சிதைவையும் கண்டும் சோர்ந்துவிடாது, தமக்குரிய உரிமையுடன் பிறருக்குரிய உரிமைக்காகவும் இறுதி நாள்வரை நின்றமையே டக்ளஸின் பெருமை. அவரை நினைவுகூர்வோர் இதனையே முதலில் மனதிற்கொள்ள வேண்டும்.