சளியில் காரணத்தைக் கண்ட வைத்தியர்

1882 மார்ச் 24 ஆம் திகதி மாலை, பேர்லினில் றொபேர்ட் கொக் தயங்கித் தயங்கித்தான் பேசினார். முடித்தபோது கைதட்டலும் இல்லை, கேள்வியும் இல்லை. காசநோய் பரம்பரையாக வருவது என்று பலர் நம்பிய காலம் அது. ஒரு கிருமியே காரணம் என்று அன்று அவர் காட்டினார். (குடும்ப நோய் என்று ஒதுக்கும் பழக்கம் எங்கள் பக்கத்தில் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை.)

1843 இல் ஜேர்மனியின் கிளவுஸ்தாலில் பிறந்தவர் கொக். 1870 இல் பிரான்சுடனான போரில் காயப்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்தார். பிறகு ஒரு சிற்றூரின் மாவட்ட வைத்தியரானார். அங்கே வீட்டிலேயே நுணுக்குக்காட்டியோடு ஆராய்ச்சி.

காசநோய்க் கிருமியின் மேலுறை மெழுகுத் தன்மையானது, இலகுவில் சாயம் ஏறாது. கொக் ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் நீலச் சாயத்தில் ஊறவைத்தார். மெல்லிய நீலக் கோல்கள் தெரிந்தன. நோயாளிகள் இருமித் துப்பிய சளியிலும் அவை இருந்தன. சளி காய்ந்த பின்னும் தொற்றுமா என்று கினிப்பன்றிகளில் சோதித்தார். தொற்றியது. ஏர்லிக், சீல், நீல்சன் ஆகியோர் சாயமிடும் முறையைத் திருத்தியதும், சளிப் பரிசோதனை சாதாரண வைத்தியசாலைகளுக்கும் வந்தது.

1890 இல் கொக் சறுக்கினார். டியூபர்குலினை மருந்தாக அறிவித்தார், எதனால் செய்தது என்பதை மறைத்தார். அது குணப்படுத்தவில்லை. நம்பி வந்த நோயாளிகள் சிலர் இறந்தும் போனார்கள். 1905 இல் நோபல் பரிசு, 1910 இல் மரணம்.

இருமல் இரண்டு வாரம் தாண்டினால், மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் இன்றும் கேட்பது சளியைத்தான். வாயில் ஊறும் எச்சிலை அல்ல, விடியற்காலையில் நெஞ்சின் அடியிலிருந்து இருமி எடுப்பதை.